ஏழாவது கேள்வி

அந்தப் படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஏழாவது கேள்வி இது: பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா?

திண்டிவனம் தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி மேசை போட்டு மனு எழுதிக்கொடுப்பது என் வேலை. பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எது எழுதினாலும் கார்பன் வைத்து நகல் எடுத்துத் தேதிவாரியாகக் கட்டி வைப்பது பழக்கம். அதனால் இந்த விஷயத்தில் எந்தெந்தத் தேதியில் என்னென்ன எழுதினேன் என்று இப்போதும் எடுத்துப் பார்க்க முடிகிறது.

அப்பாதுரை எனக்குச் சகலை. அவன் மனைவி அம்சா, என் மனைவி தையல்நாயகிக்குச் சித்தி மகள். ஒலக்கூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே போனால் அவர்கள் ஊர். கிணற்றுப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர். ஒரு பட்டம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, அடுத்தது கேப்பை அல்லது உளுந்து. இரண்டு பெண்கள். மூத்தவள் புனிதா, திண்டிவனத்தில் பி.காம் முடித்தவள். அவளுக்குப் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகளும் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. அதனால் பதினைந்து வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தபோது, முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துவந்து, "எனக்கு வேணாம், நீயே வெச்சிக்கோ" என்று அம்சா மடியில் போட்டாள். எமன் கண்ணுக்கு வேண்டாத பிள்ளையாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. பெயரும் அதற்கேற்றபடி குப்பு. பிள்ளை தங்கியது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது புனிதாதான் சூர்யகலா என்று கொடுத்தாள். அந்தப் பெயர் பள்ளி ரிஜிஸ்டரிலும் ரேஷன் கார்டிலும் இருந்தது. வீட்டில் ஒருவரும் அதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை.

குப்பு பேசுவது குறைவு. பசித்தால் தட்டை எடுத்துவந்து வைப்பாள். தொண்டைக்குள்ளேயே மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டே இருப்பாள். தானே புயலில் கொட்டகை ஓடுகள் பறந்தபோது அவளுக்கு நாலு வயது. மற்றவர்கள் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்க, அவள் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிச் சுவரோரம் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "இது தெம்பான புள்ள சகல" என்று அப்பாதுரை அதைப் பெருமையாகவே சொல்வான்.

2013 ஜூலையில் மாற்றுத்திறன் உள்ள பள்ளிப் பிள்ளைகளைக் கண்டறிய திண்டிவனத்தில் முகாம் நடந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டர் சீனுவாசன் ஒன்பது பிள்ளைகளின் பெயரைக் கொடுத்திருந்தார். அதற்கு முந்திய வருஷம் அந்தப் பட்டியலில் ஒருவரும் இல்லை. மழையில்லாமல் காய்ந்த நேரம். அப்பாதுரை கிணற்றில் தூர் வாரிக்கொண்டிருந்ததால் அம்சா மட்டும் பிள்ளையைக் கூட்டிப் போனாள். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு டாக்டர். அவர் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே, "சூர்யகலா" என்று மூன்று தடவை கூப்பிட்டாராம். பிள்ளை மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றது. ஏழாவது கேள்விக்கு "இல்லை" என்று டிக் போட்டார். கடைசியில் "ஆட்டிசம் கூறுகள் உள்ளன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வூட்ல கூப்புடற பேரு வேறன்னு சொல்லக்கூடாதா அம்சா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க அக்கா. டவுன் பொம்பளைங்கல்லாம் சுடிதார் போட்டுக்கினு, ஹாசினி, யாழினின்னு கூப்புடறாங்க. நடுவுல நான் எப்பிடி குப்புன்னு கத்துவேன்? வாய் வரல."

அந்த முகாமுக்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் ஒரு சிறப்பாசிரியை ஸ்கூட்டியில் வர ஆரம்பித்தாள். தமிழ்மொழி என்று பெயர். முப்பது வயது இருக்கும். ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை, அதில் படம் ஒட்டிய அட்டைகள், ஒரு விசில். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் குப்புவை உட்காரவைத்து, ஒரு மணி நேரம் ஒரே விஷயத்தைச் செய்வாள். நடக்கவிடுவாள். விசில் ஊதி, உள்ளங்கையைக் காட்டி, "நில்" என்பாள். நிற்காவிட்டால் தானே ஓடிப்போய்த் தோளைப் பிடித்து நிறுத்துவாள். மறுபடி நடக்கவிடுவாள்.

ஊருக்கு இது வேடிக்கை. "டிராபிக் போலீசு வந்துட்டாங்கடோய்" என்று டீக்கடையிலிருந்து குரல் வரும். அப்பாதுரை தடுக்கவில்லை. தன் பிள்ளைக்கு ஏதோ தனி டியூஷன் என்றுதான் அவனுக்கு நினைப்பு.

நவம்பரில்தான் சிக்கல் வந்தது. புனிதாவுக்குக் கண்டமங்கலத்திலிருந்து ஒரு வரன். பையன் பெயர் இளவழகன். அங்கிருந்து தினமும் புதுச்சேரி கம்பெனிக்குப் போய்வருகிறவன். பெண் பார்த்து, பூ வைத்து, எல்லாம் கூடிவந்த நேரத்தில் பையனின் தாய்மாமன் போன் செய்தார். சின்ன பொண்ணு பேரு ஏதோ மூளைக்கோளாறு லிஸ்ட்ல இருக்குதாமே, பரம்பரையா, நாளைக்கு எங்க வூட்டுப் பேரப்புள்ளைக்கும் வருமா என்று கேட்டார்.

நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விதை மல்லாட்டை உடைக்கிற நாள் என்பதால் நாங்கள் காலையிலேயே போயிருந்தோம். விதைக்கு மெஷினில் உடைக்கக்கூடாது. பருப்பின் தோல் கீறிவிட்டால் முளைக்காது. முந்தின நாளே தண்ணீர் தெளித்துச் சாக்கில் மூடி வைத்து, ஓடு பதமானதும் விரலால் அழுத்தி உடைக்க வேண்டும். வெளியே விட்டு விட்டு மழை. நடைக்குள் தார்ப்பாய் விரித்து, நடுவில் மல்லாட்டையைக் கொட்டி, சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அம்சா கேப்பைக் களி கிண்டிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். ஈர ஓட்டு வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து கிடந்தது.

குப்பு சுவரோரம் தனியாக இருந்தாள். அவள் முன்னால் மட்டும் ஒரு படி பருப்பு. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசை வைத்தாள். பெரிதிலிருந்து சிறிது வரை, முளை வருகிற மூக்கு எல்லாம் ஒரே பக்கம் பார்க்க. சுருங்கியதும் சொத்தையும் அந்த வரிசையில் தானாகவே கடைசிக்கு வந்தன.

"பாருங்க சகல" என்றான் அப்பாதுரை. "அந்த வரிசைல ஒரு சொத்த இருக்குதான்னு காட்டுங்க. நாலு பொம்பள பொறுக்கினாலும் இவ்ளோ சுத்தம் வராது. இவளுக்கா மூளைக்கோளாறு?"

"யாரும் கோளாறுன்னு சொல்லலப்பா" என்றாள் புனிதா.

"பின்ன இன்னா சொன்னாங்க? போன வருசம் ஒருத்தர்கூட இல்ல. இந்த வருசம் எம்பது புள்ளைல ஒம்போது. ஒரே வருசத்துல ஒம்போது புள்ளைக்கி மண்டைல பூச்சி பூந்துட்ச்சா? தண்ணி மாறிச்சா, காத்து மாறிச்சா?"

"எச்செம் இன்னா சொல்றாரு?" என்று கேட்டேன்.

"அவரு சொல்றாரு, மின்ன யாரும் பாக்கல, இப்ப பாக்கறாங்கன்னு. மின்ன பாக்காதப்ப எல்லாம் பெரியவங்களாயி கல்யாணம் காட்சின்னு பண்ணிக்கினு நல்லாதான இருந்தாங்க."

"இருந்தவங்கள உங்களுக்குத் தெரியும். இல்லாம போனவங்கள யாரு எண்ணினா?" என்றாள் தையல்நாயகி. "எங்க ஊர்ல ஒருத்தன மாட்டுக்கொட்டாய்ல சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்க. சாவற வரைக்கும்."

"அது பைத்தியம் அக்கா. இது அதுவா?" அப்பாதுரை ஒரு கை மல்லாட்டையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டான். "சரி, மணிமாறன் கதைக்கு இன்னா சொல்றீங்க?"

மணிமாறன் எதிர்வீட்டுப் பையன். மூன்றாம் வகுப்பு. வகுப்பில் ஒரு இடத்தில் உட்காரமாட்டான், பெஞ்சுக்குப் பெஞ்சு தாவுவான் என்று அவன் பெயரையும் அந்த ஒன்பதில் சேர்த்திருந்தார்கள். அவன் அப்பன் பயந்துபோய் ஏதோ ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். அங்கே மாத்திரை கொடுத்தார்கள். பையன் இரண்டு மாதம் வகுப்பில் தூங்கி வழிந்தான். சோறு இறங்கவில்லை. அப்புறம் யாரோ கண் டாக்டரிடம் காட்டச் சொல்ல, தடிக்கண்ணாடி வந்தது. கரும்பலகை தெரியாததால்தான் எட்டிப் பார்க்க முன்பெஞ்சுக்குத் தாவியிருக்கிறான். இப்போது ஒழுங்காக உட்கார்கிறான்.

"கண்ணு தெரியாதவனுக்குத் தூங்கறதுக்கு மாத்தர குடுத்தவங்க, இவளுக்கு மட்டும் கரீட்டா எழுதிட்டாங்களா? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க."

எனக்கு அவன் சொல்வது நியாயமாகத்தான் பட்டது.

"பேரையே தப்பாக் கூப்புட்டுட்டு, திரும்பலன்னு எழுதிக்கினு போயிருக்காங்க. என்ன வேங்கடேசன்னு கூப்புட்டா நான் திரும்புவனா?"

அம்சா அடுப்பங்கரையிலிருந்து சோற்றுத்தட்டைக் கரண்டியால் தட்டியபடி வந்தாள். "குப்பு, சாப்புட வா" என்றாள். பிள்ளை சட்டென்று திரும்பிப் பார்த்தது.

"அதோ. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" என்றான் அப்பாதுரை.

சாப்பிட்டதும் அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினேன். 17.11.2013 தேதியிட்ட நகல் என்னிடம் இருக்கிறது. நான் எழுதியவற்றில் அது நல்ல மனு என்றே சொல்ல வேண்டும். மூன்று பத்தி. முதல் பத்தியில் பெயர் வைத்த வழக்கம். இரண்டாவதில், முகாமில் அழைக்கப்பட்ட பெயர் குழந்தைக்குப் பழக்கமில்லாதது, வீட்டில் வழங்கும் பெயரால் அழைத்தால் உடனே திரும்பிப் பார்க்கிறாள் என்பது. மூன்றாவதில், தவறான அடிப்படையில் சேர்க்கப்பட்ட பெயரை நீக்கிக் குடும்பத்தின் மன உளைச்சலைப் போக்க வேண்டும் என்பது. படித்துக் காட்டினேன். அப்பாதுரை இரண்டாவது பத்தியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அம்சா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் சரிதான அம்சா?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதினா சரியாத்தான் மாமா இருக்கும்" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

பத்து நாளில் விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்ததால் போனேன். தமிழ்மொழியும் வந்திருந்தாள். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து மனுவைப் படித்தார். பிள்ளை நடையில் பருப்பு வைத்துக்கொண்டிருந்தது. "குப்பு" என்று கூப்பிட்டார். அவள் பின்னால் பொரிகடலைத் தட்டோடு அம்சா நின்றிருந்தாள். பிள்ளை திரும்பியது. அதிகாரி சிரித்துவிட்டார்.

"டாக்டர் ஒரு கேள்வியை வெச்சு எழுதல சார்" என்றாள் தமிழ்மொழி. "இருபத்திரண்டு கேள்வி இருக்கு. நான் நாலு மாசமாப் பாத்துகினு இருக்கேன்."

"பெத்தவங்களே வேணாம்னு எழுதிக் குடுக்கறாங்க. நாம கட்டாயப்படுத்த முடியுமா மேடம்? மத்த கேஸ்லயும் மூணு தப்புன்னு ஆயிப்போச்சு."

"அந்த மூணு தப்புதான் சார். நான் இல்லன்னு சொல்லல. அதுக்காக இதுவும் தப்பாயிடுமா?"

அதிகாரி கைப்பையை எடுத்துக்கொண்டார். தமிழ்மொழி வாசலில் அப்பாதுரையிடம் போனாள்.

"அப்பா, லிஸ்ட்ல பேரு வேணாம்னா போவட்டும். எனக்கு இன்னும் ரெண்டு மாசம் மட்டும் விடுங்க. விசில் அடிச்சா நிக்கறதுக்கு இப்பதான் வந்துகினு இருக்கா. அடுத்தது விசில் இல்லாம, சொன்னா நிக்கணும். அது வந்துட்டா நான் வரமாட்டேன்."

"நீ ஸ்கூட்டில வந்து எறங்கறதப் பாத்துத்தான்மா ஊரே பேசுது" என்றான் அப்பாதுரை. குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. "தை பொறந்தா பெரியவ கல்யாணம். நீ நல்ல பொண்ணு. இந்தப் பக்கம் வராத."

அவள் பையிலிருந்து விசிலை எடுத்து அம்சாவிடம் நீட்டினாள். அம்சா வாங்கிக்கொண்டாள். அப்பாதுரை அதை அவள் கையிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

டிசம்பரில் பட்டியலிலிருந்து பெயர் போனது. அந்தக் கடிதத்தை நானே ஜெராக்ஸ் எடுத்துக் கண்டமங்கலத்துக்கு அனுப்பினேன். தை மாதம் மயிலத்தில் கல்யாணம் நடந்தது. குப்புவுக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை. அம்சா ஒரு டிபன் பாக்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளை விட்டு நகராமல் இருந்தாள். நாதஸ்வரக்காரர் ஊத ஆரம்பித்ததும் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தது. தூக்கம் வருது, தூக்கம் வருது என்று சுற்றி இருந்தவர்களிடம் சொல்லி அம்சா அவளை வெளியே தூக்கிப் போனாள். மகள் கழுத்தில் தாலி ஏறியதை அம்சா பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இப்போது அவள் மற்றவர்களைப் போல ஒரு பிள்ளை. கேட்டால் பதில் சொல்லாதது திமிர் என்று ஆனது. கணுக்காலில் பிரம்புத் தடத்தைப் பார்த்து அம்சா எண்ணெய் போட்டாள். சீனுவாசனிடம் போய் நின்றதற்கு, "நல்லா இருக்கற புள்ளைன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானம்மா. நல்லா இருக்கற புள்ளைய டீச்சர் அதட்டத்தான் செய்வாங்க" என்றாராம். மாசிக்குப் பிறகு குப்பு பள்ளிக்கூடம் போவதை விட்டு, அப்பனோடு நிலத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

ஏப்ரல் முதல் வாரம் மல்லாட்டை பிடுங்கினார்கள். அந்த வருஷம் காய்ப்பு நன்றாக இருந்தது. காலை ஐந்து மணிக்குப் பிடுங்க ஆரம்பித்து, ஒன்பது மணிக்கு வெயில் ஏறுவதற்குள் செடியை எல்லாம் களத்து மேட்டுக்குக் கொண்டுவந்து குவித்துவிட வேண்டும். அப்புறம் பெண்கள் கீற்றுப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து காய் ஆய்வார்கள். ஆய ஆளுக்குத் தட்டுப்பாடு என்று தையல்நாயகியும் நானும் போயிருந்தோம். பச்சைக்காயை மண்ணோடு தின்று தின்று வாயெல்லாம் பால் பிசுபிசுத்தது. மண்ணும் செடிச்சாறும் பட்டு விரல்கள் கறுத்திருந்தன. பேச்சு முழுக்கப் புனிதாவைப் பற்றி. அவளுக்கு நாள் தள்ளியிருந்தது.

"பொண்ணா இருந்தா இன்னா பேரு வெப்ப அம்சா? குப்பு ரெண்டா?" என்றாள் ஒருத்தி.

"வாயக் கழுவு. அது நல்லபடி பொறக்கும்" என்றாள் அம்சா.

செடி ஏற்றிவந்த டிராக்டரை அப்பாதுரையின் பங்காளி பச்சமுத்து ஓட்டினார். டிரெய்லரைக் குவியலுக்கு ஒட்டி நிறுத்துவதற்காகப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். செடி உயரமாக ஏற்றியிருந்ததால் டிரெய்லருக்குப் பின்னால் இருந்தது அவருக்குத் தெரியவில்லை. குப்பு பந்தலுக்கு வெளியே இருந்தாள். எப்போது போனாள் என்று யாரும் பார்க்கவில்லை. டிராக்டர் போய்வந்த டயர்த்தடம் களிமண்ணில் பள்ளமாகக் காய்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் குந்தி, காய்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். பள்ளம் நேராக இருந்ததால் வரிசையும் நேராக வந்தது.

குவியலின் மேலே நின்ற அப்பாதுரைதான் முதலில் பார்த்தான்.

"குப்பு" என்றான். சாதாரணமாகத்தான் கூப்பிட்டான். "ஏய் குப்பு, இந்தாண்ட வா." பிறகு உரத்து, "குப்பு, எழுந்துரு. குப்பு." முப்பது அடி தூரம்கூட இல்லை. எங்கள் எல்லாருக்கும் கேட்டது. டிராக்டர் சத்தத்தைத் தாண்டி அவன் குரல் தெளிவாகக் கேட்டது. குப்பு ஒரு காயை எடுத்து, மூக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து, வைத்தாள்.

அம்சா எழுந்து ஓடினாள். ஓடும்போது கையால் எதையோ தேடினாள். பக்கத்தில் கிடந்த சாந்துச்சட்டியை எடுத்துக் கல்லால் அடித்தாள். பிள்ளை உடனே திரும்பிப் பார்த்தது. எழுந்து நிற்கவும் செய்தது. அப்போது சக்கரம் அவள் வலது பாதத்தின் மேல் இருந்தது.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பச்சமுத்து தினமும் வந்து வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். "ஆரன் அடிச்சேன் சகல. உங்க சகலையும் கத்தினாரு. செவுடுகூட இல்லியே அது. ஏன் திரும்பல?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். மனுவின் அந்த இரண்டாவது பத்தி எனக்குள் மனப்பாடமாக ஓடியது.

ஜூன் மாதம் ஊனச் சான்றுக்கு எழுத வேண்டும் என்று என் மேசைக்கு வந்தார்கள். அப்பாதுரை டிவிஎஸ் வண்டியைப் புளியமரத்தடியில் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிவந்தான். காலுக்கான மனு பத்து நிமிஷ வேலை. ஆஸ்பத்திரிக் காகிதமே எல்லாம் சொல்லிவிட்டது. எந்தக் கேள்விக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கண்டமங்கலத்து ஆட்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். விபத்துதானே, யாருக்கும் நடக்கும் என்று ஆறுதல் சொன்னார்களாம்.

நான் காகிதத்தை மடித்தபோது அம்சா இடுப்பிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தாள். இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட அதே படிவம்.

"தமிழ்மொழி டீச்சரப் போயிப் பாத்தேன் மாமா. பேரத் திரும்பச் சேக்கணும்னா இத ரொப்பி மனுவோட குடுக்கணும்னாங்க."

"அம்சா" என்றான் அப்பாதுரை. "அது வேணாம்னு நேத்தே சொன்னன் இல்ல. காலுக்கு எழுதியாச்சு. அது போதும்."

"கால் காயிதத்துக்கு டீச்சர் வந்து பாடம் சொல்லித்தர மாட்டாங்க."

"புனிதா மாசமா இருக்கா. ஆறு மாசம் பொறு. இப்ப இத எழுதினா, அவ வயித்துல இருக்கறதையும் சந்தேகமாப் பாப்பாங்க. அவளத் திருப்பி அனுப்பிட்டா இன்னா பண்ணுவ? ஒண்ணக் காப்பாத்த ஒண்ண வெட்டுவியா?"

"வெட்டியாச்சே" என்றாள் அம்சா. "ஒண்ண வெட்டித்தான அவள அனுப்பினோம்."

குப்பு என் மேசையில் இருந்த குண்டூசி டப்பாவைக் கவிழ்த்து, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தாள்.

"மாமா, ஒண்ணு சொல்றேன். அக்காவுக்குக்கூடத் தெரியாது." அம்சா என்னைப் பார்க்காமல் பிள்ளையின் தலையைப் பார்த்துப் பேசினாள். "குப்புன்னாலும் அவ திரும்பமாட்டா. எப்பவும் திரும்பினதில்ல. தட்டுச் சத்தத்துக்குத்தான் திரும்புவா. ஒரு வயசுலயே எனக்குத் தெரியும். நான் பேரச் சொல்லும்போதெல்லாம் எதையாவது தட்டிக்கினே சொல்லுவேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு. பழகிப்போயி, எனக்கே தட்டறது மறந்துபோச்சு. அந்த ஆபீசர் வந்தப்பகூட தட்ட நகத்தால சுண்டினேன். முகாமுல வெக்கத்துல சொல்லலன்னு சொன்னது பொய். சொன்னாலும் திரும்பமாட்டான்னுதான் சொல்லல."

அப்பாதுரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இது தெரியாது என்பது முகத்தில் இருந்தது.

"பொய் சொல்ற" என்றான். "எத்தினி தடவ நான் கூப்புட்டு வந்திருக்கா."

"நீ கூப்புட்டப்ப நான் எங்க இருந்தேன், நெனச்சிப் பாரு. அடுப்பங்கரையில, கையில பாத்திரத்தோட." அம்சா தன் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தாள். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். பிறகு இரண்டு அடி தள்ளி நின்றாள். "இப்பக் கூப்புடு. திரும்பினா இந்தக் காயிதத்த நானே கிழிச்சிடறேன்."

அந்தக் குழந்தையைப் பற்றி இரண்டு மனு எழுதியிருந்தேன். ஒரு தடவைகூட நான் அவளைக் கூப்பிட்டுப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"குப்பு" என்றான் அப்பாதுரை.

குண்டூசிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தலை எல்லாம் ஒரே பக்கம்.

"குப்பு. அப்பா கூப்புடறேன்டா. குப்பு."

ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மனு எழுத வந்து காத்திருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். அப்பாதுரை குனிந்து, அவள் காதிலிருந்து ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்து, களத்து மேட்டில் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டான். பிறகு, முதல் தடவையாக, "சூர்யகலா" என்றான். அந்தப் பெயர் அவன் வாயில் அந்நியமாக இருந்தது. ஒரு ஊசி கோணலாக இருந்தது என்று அவள் அதை நேராக்கினாள்.

அவன் நிமிர்ந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டி நின்ற பக்கம் பார்த்தான்.

"எழுதுங்க சகல" என்றான்.

கார்பனை வைத்து வெள்ளைத்தாளை எடுத்தேன். ஏழாவது கேள்விக்கு எதிரே "இல்லை" கட்டத்தில் டிக் போட்டேன். மனுவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள். அதற்குக் கீழே பார்வை. முன்பு இதே விஷயமாக ஏதாவது மனு கொடுத்திருந்தால் அதன் தேதியை அங்கே குறிப்பிட வேண்டும் என்பது முறை. கட்டை அவிழ்த்துப் பழைய நகலை எடுத்தேன்.

அம்சா வளையல்களை இன்னும் கையில் போட்டுக்கொள்ளவில்லை. நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பார்வை: எங்களது மனு, நாள் 17.11.2013.